முழங்காலுக்கும் ஒரு கண் உண்டு!

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 17 படிகள். காய்ந்த துணியை எடுத்து வரச் சொன்னால், என் மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாள். இறங்கும்போது கடைசி மூன்று படிகளையும் ஒரே குதியில் முடிப்பாள். "மெதுவாடி, வீடே அதிருது!" என்று அடுப்படியிலிருந்து நான் கத்துவது தினசரி வழக்கம்.

ஒரு நாள் எனக்குக் கத்த வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, வயசான பாட்டியைப் போல இறங்கிக்கொண்டிருந்தாள், 14 வயசுப் பெண்!

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லேம்மா. முட்டி லேசா வலிக்குது."

"எத்தனை நாளா?"

முதலில் பதில் இல்லை. விடாமல் கேட்டதும், "ரெண்டு மாசமா" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என் மனசில் முள்ளாகக் குத்துகிறது.

"சொன்னா நீ வாலிபாலை நிறுத்திடுவே!"

அவள் நினைத்ததில் தப்பே இல்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குதியாட்டம்? நாளைக்குக் கால்ல ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என்று என் மாமியார் அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். ஏனென்றால் என் கதையும் அதுதான். பள்ளிக்கூடத்தில் நான் வளையப்பந்து ஆடியவள். 15 வயசில் முட்டி வலி வந்தது. வீட்டில் விளையாட்டை நிறுத்தினார்கள். வலியும் அப்போதைக்கு அடங்கியது. ஆனால் இன்றைக்கும் நான் படியேறும்போது எண்ணிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

மாவட்டத் தேர்வுக்கு இன்னும் ஆறே வாரம் இருந்தது. நிறுத்துவதா, வேண்டாமா? டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பினோம். அங்கே நான் தெரிந்துகொண்டதை, விளையாடுகிற பெண்ணைப் பெற்ற எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் கேட்ட மூன்று கேள்விகள்

எலும்பு டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், முட்டியை நாலா பக்கமும் அமுக்கிப் பார்த்தார். பிறகு மூன்றே கேள்விகள். "படி ஏறி இறங்கினா வலிக்குதா? கீழே குந்தி உட்கார்ந்து எழுந்தா வலிக்குதா? சினிமாவிலோ, வகுப்பிலோ ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தா வலிக்குதா?" மூன்றுக்கும் "ஆமா" என்றாள்.

முழங்காலின் முன்பக்கம் வட்டமாக இருக்கிறதே, சில்லு, அதன் பின்னாலும் சுற்றிலும் வருகிற வலி இது என்றார் டாக்டர். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசை கயிறு மாதிரி; அது காலை இழுத்து நீட்ட உதவுகிற உருளை இந்தச் சில்லு. தொடை எலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் இது மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. படி இறங்கும்போதும், குந்தும்போதும், குதித்துத் தரையில் இறங்கும்போதும் சில்லின் மேல் அழுத்தம் பல மடங்கு கூடும். தாங்குகிற சக்திக்கு மேல் சுமை ஏறினால் வலி.

"அவ பயிற்சி ஏதாவது திடீர்னு கூடிச்சா?" என்று கேட்டார். கூடித்தான் இருந்தது. தேர்வு வருகிறது என்று காலை, மாலை இரு வேளையும் சிமென்ட் தரையில் பயிற்சி. தேய்ந்துபோன பழைய ஷூ வேறு.

இந்த வலி ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறதாம். வயசுக்கு வருகிற பருவத்தில் உயரமும் எடையும் வேகமாகக் கூடுகின்றன. பையன்களுக்கு அதே வேகத்தில் தசை பலமும் கூடிவிடுகிறது. பெண்களுக்கு அந்த அளவு கூடுவதில்லை. இடுப்புத் தசைகளில் பலம் குறைவாக இருந்தால், குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றை ஒன்று இடிப்பது போல உள்பக்கமாகச் சரிந்துவிடும்.

"வளர்ற வயசு வலி, தானா போயிடும்னு விட்டுடலாமா டாக்டர்?" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வலி வந்தவர்களை 5 முதல் 8 வருஷம் கழித்து விசாரித்துப் பார்த்த ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கும் மேல் முழுக் குணம் கிடைக்கவில்லையாம். என்னை நினைத்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொள், காலைத் தூக்கு!

டாக்டர் எங்களைப் பிஸியோதெரபி பெண்மணியிடம் அனுப்பினார். அங்கேதான் ஆச்சரியம்.

உயரமான கட்டிலின் ஓரத்தில் என் மகளைக் கால் தொங்க உட்காரவைத்தார். "கண்ணை மூடிக்கோம்மா. காலை மெதுவா நீட்டு… போதும். இந்த இடத்தை மனசுல வச்சுக்கோ." ஐந்து விநாடி கழித்துக் காலைத் தொங்கவிடச் சொன்னார். "இப்போ நீயே அதே இடத்துக்குக் கொண்டு போ, பார்ப்போம்."

கோணம் அளக்கிற கருவியை முட்டியில் வைத்துப் பார்த்தார். வலியில்லாத கால் 3 டிகிரிதான் பிசகியது. வலிக்கிற கால் 9 டிகிரி! மறுபடி செய்தாலும் அப்படியேதான். கண்ணைத் திறந்து பார்த்த என் பெண்ணுக்கே நம்ப முடியவில்லை. "கரெக்டா வச்சேன்னுதானே நெனச்சேன்!"

இதற்குப் பெயர் மூட்டு நிலை உணர்வு. இருட்டில் சாப்பிட்டாலும் கை வாய்க்குத்தானே போகிறது, மூக்குக்குப் போவதில்லையே! கரண்ட் போன நேரத்தில் பழகிய படியில் கால் தானாக இறங்குகிறதே! கண் பார்க்காவிட்டாலும் கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். தசைகளுக்குள்ளும், நாண்களிலும், மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கிற தசைநார்களிலும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. எவ்வளவு இழுபடுகிறது, எந்த வேகத்தில் இழுபடுகிறது என்று அவை நொடிக்கு நொடி தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சேதி அனுப்புகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண் முழங்காலுக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்தப் புலனுக்கு 1906ஆம் வருஷம் பெயர் சூட்டியவர், இங்கிலாந்து உடலியல் மேதை சார்லஸ் ஷெரிங்டன். லெபனானில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்கிற ஆர்டெம் படபூடியன், தொடு உணர்வுக்கும் இந்த நிலை உணர்வுக்கும் அவசியமான 'பியெஸோ 2' என்ற புரதத்தைக் கண்டறிந்தவர்களில் முக்கியமானவர். 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என் மகளின் முட்டிக்குள் நோபல் பரிசு சமாசாரம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்!

எகிறிப் பந்தை அடித்துவிட்டு இறங்குகிற பெண், தன் முட்டியையா பார்ப்பாள்? கண் பந்தின் மேல்தான் இருக்கும். அந்த நேரத்தில் முட்டியைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டியது இந்த உள்கண்தான். அது மங்கலாகப் பார்த்தால் தசை தாமதமாக இறுகும். முட்டி உள்ளே சரியும். களைத்த தசையும் சேதியைப் பிசகாகத்தான் சொல்லும். அதனால்தான் ஆட்டத்தின் கடைசி நேரத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்கிறார்கள்.

பிஸியோதெரபி பெண்மணி ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொன்னார். "சில டிகிரி பிசகுறது யாருக்கும் சகஜம். முட்டி வலி இருக்கிற எல்லாருக்கும் இந்த உணர்வு குறையறதில்லை. சில ஆய்வுல வித்தியாசம் தெரியுது, சிலதுல தெரியலை. இதை மட்டும் வச்சு முடிவு கட்டிடக் கூடாது." பிறகு அவளை ஒரு சின்ன ஸ்டூலிலிருந்து குதிக்கச் சொல்லி, என் செல்போனிலேயே படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். தரையைத் தொட்ட கணத்தில் வலது முட்டி உள்பக்கம் சரிந்ததை நானே பார்த்தேன்.

நிறுத்தவா? வேண்டாம், குறை!

"அப்போ விளையாட்டை நிறுத்திடலாமா?" என்று கேட்டேன். பக்கத்தில் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்தினா தசை இன்னும் பலம் குறையும். மறுபடி ஆடப் போறப்போ அதே வலி வரும். நிறுத்த வேண்டாம், குறைச்சுட்டு, முட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுங்க" என்றார்.

டென்மார்க்கில் 10 முதல் 14 வயசுக்குள் இந்த வலி இருந்த 151 பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்தார்கள். முதல் நாலு வாரம் வலி தருகிற ஓட்டத்தையும் குதியையும் குறைத்து, பிறகு உடற்பயிற்சி, அதன் பின் படிப்படியாக மைதானம். 12 வாரத்தில் 86 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளியானது.

நம்மில் பலர் நம்புகிற "கரண்ட் வைக்கிற" சிகிச்சையைப் பற்றியும் கேட்டேன். இந்த வலிக்கு மின்கருவிச் சிகிச்சைகளைப் பரிந்துரைக்கவில்லை என்று 2018இல் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் கூட்டறிக்கை சொல்கிறது. இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துச் செய்கிற உடற்பயிற்சிதான் முதல் மருந்து. முட்டியில் மாட்டுகிற உறை? அது தோலை இறுக்கிப் பிடிப்பதால் சிலருக்கு நிலை உணர்வு கொஞ்சம் தெளிவாகிறது, தைரியமாகவும் இருக்கும். ஆனால் தசையைப் பலப்படுத்தாது. உறையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

வீட்டிலேயே செய்த பயிற்சிகள்

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி. டாக்டரிடம் காட்டிய பிறகு, எங்களுக்குச் சொல்லித் தந்தவை இவை:

1. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டியபடி கொஞ்சம் பின்பக்கமாகத் தூக்கி இறக்குதல். 12 தடவை, மூன்று சுற்று. இடுப்பின் பக்கத் தசைக்கு.

2. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துதல். 10 தடவை.

3. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்காருவது போலச் சறுக்கி 15 விநாடி நிற்றல். ஐந்து தடவை. ரொம்பக் கீழே போகக் கூடாது.

4. ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்றல். சுலபமாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரோ மேஜையோ இருக்கட்டும்.

5. உட்காருகிற மணைப்பலகையின் மேல் ஒற்றைக்காலில் நின்று, மறு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக மடங்கி எழுதல். நிலைக்கண்ணாடி முன்னால் செய்ய வேண்டும். முட்டி, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகவே போக வேண்டும்; உள்ளே சரியக் கூடாது. 8 முதல் 10 தடவை.

6. கண்ணை மூடிக் காலை ஓரிடத்தில் நிறுத்தி, இறக்கி, மறுபடி அதே இடத்துக்குக் கொண்டு வருகிற விளையாட்டு. என் மகனும் அக்காவோடு போட்டிக்கு உட்கார்ந்துவிடுவான்!

7. வலி நன்றாக அடங்கிய பிறகு, தாழ்ந்த மணையிலிருந்து இரண்டு காலாலும் குதித்து, முட்டி, இடுப்பு இரண்டையும் மடக்கிப் பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்குதல்.

பயிற்சியின்போது லேசான வலி வந்தால் பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்று மதிப்பெண் அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த தடவை அளவைக் குறைக்க வேண்டும்.

பெரிய காயத்துக்கும் இதுவே வேலி

முட்டியின் நடுவில் குறுக்காக ஓடுகிற தசைநார் அறுந்துபோவது விளையாட்டுப் பெண்களின் பெரிய பயம். ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோதான் அறுகிறது.

இதைத் தடுக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். சுவீடனில் 12 முதல் 17 வயசு வரையுள்ள 4,564 கால்பந்துப் பெண்களைக் கொண்டு செய்த ஆய்வு 2012இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் இரண்டு தடவை, 15 நிமிஷம், முட்டியைக் கட்டுப்பாட்டில் வைக்கிற பயிற்சிகளைச் செய்தார்கள். மேலே நான் எழுதியவற்றின் உறவுக்காரப் பயிற்சிகள்தான். அந்தப் பிரிவில் இந்தத் தசைநார்க் காயம் 64 சதவீதம் குறைந்தது! செலவு ஒன்றுமில்லை, 15 நிமிஷமும் கொஞ்சம் பொறுமையும்தான். உங்கள் பெண்ணின் பி.டி. டீச்சரிடம், பயிற்சிக்கு முன்னால் இதற்கென்று நேரம் ஒதுக்கும்படி கேளுங்கள். நான் கேட்டேன். எங்கள் டீச்சர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

அறுந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வலது முட்டியில் பலத்த காயம்பட்டுத் தூக்குப்படுக்கையில் வெளியேறினார். அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் பயிற்சி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அங்கே மல்யுத்தத்தில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 'பொண்ணுக்குக் கால் போச்சு, இனி அவ்வளவுதான்' என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வோம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

'டப்' என்று சத்தம் கேட்டு அன்றைக்கே முட்டி வீங்கினால். கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால். நடக்கும்போது முட்டி திடீரென்று நழுவினால். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தால். தூக்கத்தைக் கலைக்கிற வலி இருந்தால், கைவைத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். முக்கியமாக, பிள்ளை நொண்டி நடந்து, முட்டியில் ஒன்றும் தெரியாவிட்டால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புக் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவது உண்டு. விளையாடுகிற பெண்ணுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்றால், ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

அந்த வருஷ மாவட்டத் தேர்வுக்கு என் மகள் போகவில்லை. ஆறு வாரத்தில் எல்லாம் சரியாக இது என்ன மந்திரமா? அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் பயிற்சியை விடவில்லை. மூன்றாம் மாசம் பிஸியோதெரபி பெண்மணி மறுபடி கண்ணை மூடச் சொல்லி அளந்தபோது, வலது கால் 4 டிகிரிதான் பிசகியது. அதைவிட முக்கியம், படியில் வலி இல்லை. அடுத்த வருஷத் தேர்வில் ஆடினாள்.

நானும் சும்மா இல்லை. பால் பொங்குகிறவரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறேன். முதலில் பத்து விநாடிகூட நிற்க முடியாமல் தள்ளாடினேன். "அத்தாச்சி கொக்கு மாதிரி நிக்கிறாங்க" என்று என் நாத்தனார் சிரித்தாள். சிரிக்கட்டும்! இப்போது மொட்டை மாடிப் படிகளை நான் எண்ணுவதில்லை.

சகோதரிகளே, பயிற்சிகளை எல்லாம்விட நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் வேறொன்று. வலி என்றாலே விளையாட்டுக்குத் தடை என்று நாம் சட்டம் போட்டால், பெண்கள் விளையாட்டை விட மாட்டார்கள். வலியை நம்மிடமிருந்து மறைப்பார்கள். என் மகள் இரண்டு மாசம் மறைத்தாள். "வலிச்சா சொல்லு கண்ணு, சரி பண்ணிக்கிட்டு ஆடலாம்" என்று இப்போது சொல்லி வைத்திருக்கிறேன். சுளுக்கோ சிராய்ப்போ, அன்றைக்கே வந்து சொல்லிவிடுகிறாள்.

நேற்றுக்கூடத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். கடைசி மூன்று படியை ஒரே குதியில்தான் முடித்திருக்கிறாள். ஆனால் வீடு அதிரவில்லை. பின்னால் வந்து நின்றதே எனக்குத் தெரியாது!